உண்ணிச்செடி சோலைக்குள் ஏன் ஏறவில்லை?

அண்ணாச்சி, களக்காட்டில் காட்டை ஒட்டிய உங்கள் தோட்டத்தில் வருடா வருடம் உண்ணிச்செடியை (லண்டானா என்கிற களைப்புதர்) வெட்டித் தீ வைத்தும் ஐப்பசி மழைக்கு மறுபடி தழைக்கிறது, மேலே சோலைக்குள் மட்டும் அது ஏன் இல்லை என்று கேட்டிருந்தீர்கள். காரணம் வெயில்தான். களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தில் உயரம் ஏற ஏற பசுமைமாறாக் காடு, அதுதான் நீங்கள் சொல்லும் சோலை, கிளைகள் பின்னி நிழல் கட்டிவிடும், உண்ணிச்செடிக்கு அங்கே பிழைப்பு இல்லை. அடிவாரத்திலோ வறண்ட இலையுதிர் காடு, நடுநடுவே ரோடு, மாட்டுத்தடம், முன்பு மரம் வெட்டிய இடம், வெளிச்சத்துக்குக் குறைவே கிடையாது. உண்ணிப்பழம் தின்னும் மைனாவும் கொண்டைக்குருவியும் எந்த மரத்தில் உட்காருமோ அதன் அடியில்தான் கன்று நிறைய முளைக்கும், அதனால் வேலியோர மரத்தடிகளை முதலில் பாருங்கள்.

தீ வேண்டவே வேண்டாம். மேல்தண்டுதான் கருகும், தூர் மறுபடி துளிர்க்கும். மழைக்குப் பின் மண் இளகியிருக்கும்போது, காய் பழுக்கும் முன்னால், தரைமட்டத்துக்குச் சற்றுக் கீழே வேரை வெட்டி, தூரைத் தலைகீழாகப் போடுங்கள். அப்புறம் அந்த இடத்தைச் சும்மா விடாமல் புங்கையோ நாவலோ வையுங்கள், நிழல் விழட்டும். வேலிக்கு அந்தப் பக்கம் மட்டும் வனத்துறையைக் கேட்காமல் கை வைக்காதீர்கள், நல்ல எண்ணத்தில் போனாலும் கேஸ் ஆகிவிடலாம்.