ரோஸ்டரை நீங்களே எழுதுங்கள், தங்கச்சி

கேள்வி: வயது 36. கொழும்பில் அரச வைத்தியசாலை ஒன்றின் மெடிக்கல் வார்டில் எட்டு வருடமாக வேலை. 2022க்குப் பிறகு கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராக வெளிநாடு போய்விட, அவர்களின் வேலையும் எங்கள் தலையில். தமிழ் நோயாளி என்றால் பக்கத்து வார்டிலிருந்தும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். போன கிழமை அழுத நோயாளி ஒருவரைப் பார்த்து எனக்கு எரிச்சல் வந்தது, பயந்துபோனேன். ஹட்டனிலிருந்து வந்த ஒரு ஐயாவுக்கு இன்சுலின் போடச் சொல்லிக்கொடுத்த அரைமணி நேரம்தான் இந்த மாதம் நான் டொக்டராக இருந்த நேரம். இப்போது யாருக்கு எப்போது வேலை என்று ரோஸ்டர் போடும் பொறுப்பை எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கவா, வேலையையே விடவா?
– வெள்ளவத்தை வாசகி

பதில்: தங்கச்சி, முதலில் அந்த எரிச்சல். உங்களை அதிகம் வதைப்பது அதுதான் என்று எனக்குப் படுகிறது. 2019 இல் உலக சுகாதார ஸ்தாபனம் பேர்ன் அவுட்டுக்கு, அதாவது வேலையால் முற்றாகச் சோர்ந்துபோவதற்கு, மூன்று அடையாளம் சொன்னது: சக்தி வற்றிப்போவது, வேலைமேல் வெறுப்பு, செய்வதில் பயனில்லை என்ற எண்ணம். இது நோய் இல்லை, வேலைத்தளத்தில் யாரும் கவனிக்காமல் விட்ட நெடுநாள் அழுத்தத்தின் விளைவு என்றும் அங்கேயே எழுதியிருக்கிறார்கள். ஆகவே உங்கள் மனம் கல்லாகிவிட்டது என்று நினைக்காதீர்கள்.

நான் வேலையில் சேர்ந்த புதிதில், இரவு முழுக்க விழித்திருந்த ஒரு விடியலில், மருந்தின் அளவில் புள்ளியை ஓரிடம் தள்ளிப் போட்டுவிட்டேன். வார்டுத் தாதி, எங்கள் மிஸ்ஸி, நான் மருந்து எழுதிய நோயாளியின் டிக்கட்டை என் முன்னால் விரித்து, அந்த எழுத்தின் மேல் விரலை வைத்து, ஒன்றும் பேசாமல் நின்றார். அந்த விரல் இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. இருந்தும் அடுத்த கிழமை அதே ரோஸ்டர்தான் வந்தது, நானும் வாய் திறக்கவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், பொறுப்பை எடுங்கள். ஆனால் வெறுங்கையோடு எடுக்காதீர்கள். அமெரிக்காவின் மேயோ கிளினிக் 2015 இல் வெளியிட்ட ஆய்வில், வைத்தியர்கள் தங்கள் நேரடி மேலதிகாரிக்கு 60க்கு மதிப்பெண் போட்டார்கள். ஒவ்வொரு புள்ளி கூடும்போதும் அவருக்குக் கீழே இருப்பவர்கள் பேர்ன் அவுட் ஆகும் வாய்ப்பு 3.3 சதவீதம் குறைந்தது. சாப்பிட்டாயா என்று கேட்கிற, லீவு கேட்டால் முகம் சுளிக்காத ஒரு மேலாள் அவ்வளவு பெரிய விஷயம்.

கன்சல்டன்டிடம் போய், எழுத்திலேயே கொடுத்துக் கேளுங்கள். இரவு வேலை முடித்தவர் காலையில் கையளித்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும், "இந்த ரவுண்டையும் முடிச்சிட்டுப் போங்கோ" என்பது கூடாது. அப்புறம், தமிழில் பேச உங்களைக் கூப்பிடுகிறார்களே, அதுவும் வேலைதான். அதற்கு நேரம் குறித்து, ரோஸ்டரில் ஏற்றுங்கள், இல்லாவிட்டால் அது உங்கள் சாப்பாட்டு நேரத்தைத்தான் தின்னும். ஹட்டன் ஐயா மாதிரி ஆட்களுக்குக் கிழமையில் ஒரு நாள் ஒதுக்க முடியுமா பாருங்கள். 2009 இல் வந்த இன்னோர் ஆய்வில், தமக்கு மிகவும் பிடித்த வேலைக்கு 20 சதவீத நேரம்கூடக் கிடைக்காத வைத்தியர்களில் ஏறத்தாழ 54 சதவீதம் பேர் பேர்ன் அவுட்டில் இருந்தார்கள். கிடைத்தவர்களில் 30 சதவீதம். கிழமைக்கு ஒரு நாள் என்பது அந்தக் கணக்குத்தான்.

இதற்கெல்லாம் முன்னால் பத்து நாள் லீவு எடுங்கள். வேலையை விடுவதா என்ற கேள்வியை இந்தக் களைப்போடு முடிவு செய்ய வேண்டாம், தூங்கி எழும்பிய பிறகு பார்க்கலாம். லீவிலும் தூக்கம் வராவிட்டால், வாழ்ந்து என்ன பயன் என்று ஒரு தடவையாவது தோன்றினால், 1926க்கு அழையுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் அது. டொக்டருக்கே டொக்டரா என்று கூச்சப்பட வேண்டாம். என் சொந்த உடல்நலத்தையும் கவனிப்பேன் என்ற வரியை 2017 இல், வைத்தியர்கள் எடுக்கும் ஜெனீவா உறுதிமொழியிலேயே சேர்த்துவிட்டார்கள்.

முதல் ரோஸ்டரைப் போட்டதும் எழுதுங்கள். அந்த ஐயாவுக்குச் சீனி எப்படி இருக்கிறதென்றும் சொல்லுங்கள்.