காஃப்காவில் கன்ஸ்யூமர் லேக் எத்தனை ஆயிரம் தாண்டினால் அலர்ட் வைக்கலாம்?

புரோகிராம்களுக்கு இடையே மெசேஜ்களைக் கடத்தும் காஃப்காவை இப்போதுதான் கையில் எடுத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். லேக் என்பது கன்ஸ்யூமர், அதாவது மெசேஜைப் படிக்கும் புரோகிராம், இன்னும் படிக்காமல் தேங்கியிருக்கும் மெசேஜ்களின் எண்ணிக்கை. நானும் முதலில் மொத்த லேக் 10,000 என்று ஓர் எண்ணைத்தான் வைத்தேன். அதை நம்பியதால் ஒரு தீபாவளியே போனது.

அந்த மாலை மனைவியோடு சிங்கப்பூர் தேக்காவில், பஃபலோ ரோட்டுப் பூக்கடையில் நிற்கிறேன். சப்போர்ட்டிலிருந்து போன்: சில ஆர்டர்கள் மட்டும் மூன்று மணி நேரமாக நகரவில்லையாம். டாஷ்போர்டு பச்சை. மெசேஜ்கள் பிரிந்து போகும் தனித்தனி வரிசைகள், அதாவது பார்ட்டிஷன்கள், 24. சராசரி லேக் 300தான்.

கடை ஓரமாகவே லேப்டாப்பைத் திறந்து பார்ட்டிஷன் வாரியாகப் பார்த்தேன். 23 பார்ட்டிஷன்களில் லேக் ஐந்து, பத்து. 17ஆம் பார்ட்டிஷனில் மட்டும் 7,000க்கு மேல். கமிட்டான ஆஃப்செட், அதாவது இதுவரை முடித்ததாகக் கன்ஸ்யூமர் குறித்துவைத்த இடம், அசையவே இல்லை. புது மெசேஜ்கள் வந்து சேரும் கடைசி ஆஃப்செட் ஏறிக்கொண்டே போகிறது. காரணம் ஒரே ஒரு மெசேஜ். மரினா பே பக்கத்து அஞ்சல் குறியீடு 01 என்று தொடங்கும். யாரோ அதை எண்ணாக அனுப்ப, முன்னால் இருந்த சுழியம் விழுந்து ஐந்து இலக்கமாகிவிட்டது. அந்த மெசேஜ் தோற்றுப்போக, வரிசை மாறக்கூடாது என்பதற்காக எங்கள் புரோகிராம் அடுத்ததற்குப் போகாமல் அதையே திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருந்தது.

அதனால் எண்ணை விடுங்கள். ஒவ்வொரு பார்ட்டிஷனிலும் புது மெசேஜ் வந்தும் கமிட் நகராமல் சில நிமிடம் நின்றால் அலர்ட் அடிக்கட்டும். லிங்க்ட்இன் வெளியிட்ட பர்ரோ என்ற லேக் கண்காணிப்புக் கருவியும் நிலையான வரம்பு இல்லாமல் இப்படித்தான் கணிக்கிறது. அப்புறம், தேங்கியிருக்கும் மெசேஜின் வயதையும் பாருங்கள். மாற்றாமல் விட்டால் 7 நாளில் காஃப்கா பழையதை அழிக்கத் தொடங்கிவிடும், படித்தீர்களா என்று கேட்காது.

கன்ஸ்யூமரே லேக்கைச் சொல்கிறதே, அது போதாதா என்று சிலர் வருவார்கள். கன்ஸ்யூமர் செத்தால் அந்த அளவும் சேர்ந்து நின்றுவிடும். வெளியிலிருந்து பார்ப்பதுதான் சரி. சின்ன டீமுக்கு இதெல்லாம் அதிகம் என்பதையும் ஒப்புக்கொள்ள மாட்டேன். நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் சின்ன ஸ்கிரிப்ட் போதும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தீபாவளிக்கு லீவு வேண்டும் என்று இரண்டு மாதம் முன்பே கேட்டிருந்தேன். அப்படியும் அவசர அழைப்புக்குத் தயாராக இருக்கும் ஸ்டாண்ட்பை வேலை என் பெயரில்தான் விழுந்தது. வீடு சேரும்போது மணி இரண்டு. விடிகாலை எண்ணெய்க் குளியலுக்குப் பிள்ளைகள் எழுப்பியபோது என்னால் எழக்கூட முடியவில்லை.