காய்ச்சல் விட்ட பிறகும் எதற்கு இத்தனை வாரம் ஊசி?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 64. குடல் அறுவை சிகிச்சை முடிந்து ஐ.சி.யூ.வில் இருந்தபோது குளிர்காய்ச்சல் வந்தது. ரத்தக் கல்ச்சரில் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனையில்) எம்.ஆர்.எஸ்.ஏ. கிருமி இருப்பதாகச் சொல்லி வான்கோமைசின் ஏற்றினார்கள். நான்காம் நாளே காய்ச்சல் விட்டுவிட்டது. ஆனாலும் இன்னும் பல வாரம் ஊசி வேண்டும், இதயத்துக்கு எக்கோ எடுக்க வேண்டும் என்கிறார்கள். மருந்துக்கு அடங்காத கிருமி என்றால் இந்த மருந்து மட்டும் எப்படிக் கேட்கிறது? வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, அப்பாவை அழைத்து வரலாமா?

பதில்: எம்.ஆர்.எஸ்.ஏ. என்றதும் எந்த மருந்துக்கும் மசியாத கிருமி என்று பலரும் பயந்துவிடுகிறார்கள். அப்படி இல்லை. அது ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாதான். ஏறத்தாழ மூன்றில் ஒருவர் மூக்கில் எந்தத் தொந்தரவும் தராமல் குடியிருக்கும். அதில் மெத்திசிலினுக்கு அடங்காத வகைக்குத்தான் இந்தப் பெயர். பெனிசிலினை உடைக்கும் நொதியை இந்தக் கிருமி தயாரிக்கத் தொடங்கியதால், அந்த நொதியால் உடைக்க முடியாதபடி மெத்திசிலினை உருவாக்கினார்கள். 1961லேயே அதற்கும் அடங்காத கிருமி இங்கிலாந்தில் தென்பட்டுவிட்டது.

பெனிசிலின் குடும்ப மருந்துகள், கிருமி தன் சுவரைக் கட்டப் பயன்படுத்தும் புரதத்தில் ஒட்டிக்கொண்டு அதை முடக்கும். எம்.ஆர்.எஸ்.ஏ. அதற்குப் பதில், மருந்து சரியாக ஒட்டாத வேறொரு புரதத்தை வைத்துச் சுவரைக் கட்டிக்கொள்கிறது. வான்கோமைசின் அந்தப் புரதத்தின் பக்கமே போவதில்லை. சுவருக்கான மூலப்பொருளையே பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் கேட்கிறது. ஆனால் கொஞ்சம் மெதுவான மருந்து, சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடியது. ரத்தத்தில் அதன் அளவையும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினையும் அடிக்கடி பார்ப்பது இதற்காகத்தான். மெத்திசிலினுக்கு அடங்கும் சாதாரண ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்று கல்ச்சரில் வந்திருந்தால், வான்கோமைசினை நிறுத்திவிட்டு செஃபசோலின் போன்ற மருந்துக்கு மாறியிருப்பார்கள். அந்தக் கிருமிக்கு அதுதான் மேல்.

சரி, எதற்கு இத்தனை வாரம்? ரத்தத்தில் கலந்த இந்தக் கிருமி அங்கேயே நிற்பதில்லை. இதய வால்வு, முதுகெலும்பு, மூட்டு என்று போய் ஒட்டிக்கொள்ளும் குணம் இதற்கு அதிகம். காய்ச்சல் விட்டாலும் அங்கே பதுங்கியிருக்கலாம். வால்வில் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கத்தான் எக்கோ. மார்புக்கு மேல் வைத்து எடுப்பதில் தெளிவாகத் தெரியாவிட்டால், உணவுக்குழாய் வழியாகவும் எடுக்கச் சொல்லலாம். எல்லாம் சுத்தமாக இருந்தாலே குறைந்தது 14 நாள் ஊசி. வேறு எங்காவது பரவியிருந்தால் 4 முதல் 6 வாரம், சிலருக்கு அதற்கு மேலும். இந்த நாள் கணக்கு ஊசி போடத் தொடங்கிய நாளிலிருந்து வராது. கல்ச்சரில் கிருமி இல்லை என்று முதன்முதலாக வந்த நாளிலிருந்துதான் எண்ணுவார்கள்.

அதனால் மருத்துவரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். திரும்ப எடுத்த கல்ச்சர் சுத்தமாக வந்துவிட்டதா? மருந்து ஏற்றக் கழுத்திலோ நெஞ்சிலோ சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக்குழாய்க்குள் செருகும் குழாய்) போட்டிருந்தால், அதை எடுத்தாகிவிட்டதா? “இன்னும் வீரியமான மருந்து இல்லையா டாக்டர்” என்றுதான் உறவினர்கள் என்னிடம் அதிகம் கேட்பார்கள். கிருமி படிந்த குழாயை உள்ளே விட்டுவைத்து எவ்வளவு வீரியமான மருந்து ஏற்றினாலும் பெரிய பலன் இருக்காது. தொற்றுநோய் நிபுணர் ஒருவர் பார்க்க வழியிருந்தால் கண்டிப்பாகக் கேட்டுப் பெறுங்கள். இந்த நோயில் அது உயிர் பிழைக்கும் வாய்ப்பையே கூட்டுகிறது.

மருத்துவமனையில் கொடுத்த மருந்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, மாத்திரை போதும் என்று நீங்களாக முடிவு செய்ய வேண்டாம்.

அப்புறம் குழந்தை. தாராளமாக அப்பாவை அழைத்து வரலாம். இது பெரும்பாலும் தொடுவதால் பரவுவது. குழந்தையைத் தூக்கும் முன் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், தையல் போட்ட இடம் மூடியே இருக்கட்டும், துண்டும் ஷேவிங் ரேஸரும் அப்பாவுக்குத் தனி. வீட்டுக்கு வந்த பிறகு மறுபடி காய்ச்சலோ, புதிதாக முதுகுவலியோ, மூச்சுத்திணறலோ வந்தால் அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். முதுகுவலியைப் படுத்தே இருந்ததால் வந்தது என்று விட்டுவிடாதீர்கள்.