விஎம்-ஐ இமேஜ் எடுக்கும்போது சிஸ்பிரெப் பாதியில் நின்றுவிடுகிறது, எங்கே தவறு?

கேள்வி: மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வியில் ஒரு விண்டோஸ் 10 விஎம் (கணினிக்குள் ஓடும் மெய்நிகர் கணினி) தயார் செய்து, தேவையான மென்பொருள் எல்லாம் ஏற்றி, பல கணினிகளில் அப்படியே போட இமேஜ் எடுக்கலாம் என்று, அதற்கு விண்டோஸைத் தயார்ப்படுத்தும் சிஸ்பிரெப் கருவியை ஓட்டினால் "உங்கள் விண்டோஸ் நிறுவலைச் சரிபார்க்க முடியவில்லை" என்று ஒரு பெட்டி வந்து நின்றுவிடுகிறது. மூன்று முறை முதலிலிருந்து விண்டோஸ் போட்டுப் பார்த்துவிட்டேன். என்ன செய்வது?

நான்காவது முறை போடாதீர்கள். புதிதாகப் போட்டாலும் பெரும்பாலும் இதே பெட்டிதான் வரும். விண்டோஸ் போட்டதில் தவறு இருக்காது, போட்டு முடித்தபின் நீங்கள் கேட்காமலே பின்னால் நடக்கிற அப்டேட்டில்தான் இருக்கும்.

முதலில் லாக்கை, அதாவது சிஸ்பிரெப் எழுதிவைக்கும் குறிப்பைப் பாருங்கள். அந்தப் பெட்டியை மூடிவிட்டு சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, சிஸ்பிரெப், பாந்தர் என்று ஒவ்வொரு ஃபோல்டராக உள்ளே போனால் செட்அப்ஆக்ட் என்று ஒரு லாக் ஃபைல் இருக்கும். நோட்பேடில் திறந்து நேராகக் கடைசி வரிக்குப் போய் அங்கிருந்து மேல்நோக்கிப் படியுங்கள். ஏதோ ஒரு பேக்கேஜின் (ஸ்டோர் ஆப்பின் நிறுவல் தொகுப்பு) நீளமான பெயரைச் சொல்லி, இது ஒரு யூசருக்கு மட்டும் நிறுவப்பட்டிருக்கிறது, எல்லா யூசர்களுக்கும் ஏற்பாடு செய்யப்படவில்லை, இமேஜில் சரியாக வேலை செய்யாது என்று எழுதியிருந்தால் பிரச்சினை பிடிபட்டுவிட்டது. விண்டோஸ் 11-இல் இதே பெட்டி டிரைவை மறையாக்கம் செய்யும் பிட்லாக்கர் இயங்கிக்கொண்டிருப்பதாலும் வரும், அதற்கு வைத்தியம் வேறு. அதனால்தான் பெட்டியை நம்பாதீர்கள், லாக்கை நம்புங்கள் என்கிறேன்.

ஸ்டோர் ஆப் ஒவ்வொன்றுக்கும் விண்டோஸ் இரண்டு பதிவு வைத்திருக்கிறது. இனிமேல் எந்தப் புது யூசர் வந்தாலும் கொடுப்பதற்காகச் சிஸ்டத்தில் எடுத்து வைத்திருக்கும் பிரதி ஒன்று. இப்போது லாகின் செய்திருக்கும் யூசரின் பெயரில் இருப்பது இன்னொன்று. விண்டோஸ் போட்ட அன்று இரண்டும் ஒரே பதிப்பாகத்தான் இருக்கும். நெட் இணைப்போடு அரை மணி நேரம் விட்டுவைத்தால் போதும், ஸ்டோர் உங்கள் யூசருக்கு மட்டும் புதிய பதிப்பை இறக்கிவிடும், எடுத்து வைத்த பிரதி பழையதாகவே இருக்கும். சிஸ்பிரெப்பின் வேலையே இந்தக் கணினிக்கும் இந்த யூசருக்கும் உரிய அடையாளங்களைத் துடைத்துப் பொதுவாக்குவதுதான். யூசரிடம் இருக்கும் பதிப்புக்கு ஜோடியாகப் பொதுவில் ஒன்று இல்லை என்றால் அது அங்கேயே நின்றுவிடும்.

எனக்கு இது நடந்தது ஒரு பயிற்சி மையத்தின் லேபுக்கு இமேஜ் தயார் செய்தபோது. படிக்க வருபவர்களில் பலருக்கு மெனுக்கள் தமிழில் இருந்தால் வசதி என்று கேட்டார்கள், நானும் செட்டிங்ஸில் மொழிப் பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்தேன், அழகாக வந்தது. சிஸ்பிரெப் ஓட்டியதும் நின்றது. ஆபீஸ், ஆன்டிவைரஸ், பிரின்டர் டிரைவர் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி ஒரு முழு நாள் போயிற்று. மாலையில்தான் லாக்கைத் திறந்தேன். பேக்கேஜ் பெயரில் லாங்குவேஜ் எக்ஸ்பீரியன்ஸ் பேக் என்றும் அதன் பின்னால் தமிழுக்கான டிஏ-ஐஎன் என்றும் தெளிவாக இருந்தது. விண்டோஸில் தமிழ் ஒரு ஸ்டோர் ஆப்பாகத்தான் வருகிறது, அது என் யூசருக்கு மட்டும் இறங்கியிருந்தது, அவ்வளவுதான்!

சரி, எப்படிச் சரிசெய்வது? விண்டோஸின் கட்டளைச் சாளரமான பவர்ஷெல்லை அட்மினாகத் திறந்து கெட்-ஆப்எக்ஸ்பேக்கேஜ் கட்டளையை ஆல்யூசர்ஸ் என்ற சொல்லோடு ஓட்டி, பேக்கேஜின் முழுப்பெயரையும் யூசர் விவரத்தையும் காட்டச் சொல்லுங்கள். லாக்கில் பார்த்த பேக்கேஜ் எந்த யூசரிடம் இருக்கிறது என்று தெரிந்துவிடும். அந்த யூசராகவே லாகின் செய்து ரிமூவ்-ஆப்எக்ஸ்பேக்கேஜ் கொடுங்கள். அதே ஆப்புக்கு எடுத்து வைத்த பிரதியும் இருந்தால் ரிமூவ்-ஆப்எக்ஸ்ப்ரொவிஷன்டுபேக்கேஜ் கொடுத்து அதையும் நீக்குங்கள். இரண்டையும் செய்ய வேண்டும். பலர் தேவையில்லாத ஆப்களைக் கழிக்கிறேன் என்று இந்த இரண்டாவதை மட்டும் ஓட்டிவிடுகிறார்கள், அப்போது பொதுப்பிரதி போய் யூசரிடம் இருப்பது மட்டும் மிஞ்சுகிறது, அதாவது இல்லாத பிரச்சினையைத் தாங்களே உண்டாக்கிக்கொள்கிறார்கள். நீக்கியபின் மறுபடி சிஸ்பிரெப் ஓட்டினால் அடுத்த பேக்கேஜில் நிற்கலாம், பயப்படாதீர்கள், திரும்பவும் லாக், திரும்பவும் அதே வேலை. எனக்கு நான்கு சுற்று ஆனது.

தயவுசெய்து எல்லா ஆப்களையும் ஒரே வரியில் அழித்துவிடும் கட்டளையை எங்கேயாவது பார்த்து ஓட்டிவிடாதீர்கள். கால்குலேட்டர், போட்டோஸோடு ஸ்டோரும் போய்விடும். ஸ்டோரை நீக்குவதை மைக்ரோசாஃப்ட் ஆதரிப்பதில்லை, திரும்பக் கொண்டுவருவது பெரும்பாடு. அந்த இமேஜை 40 கணினிகளில் போட்டபிறகு தெரிந்தால் என்ன செய்வீர்கள்?

அடுத்த முறை இது வராமலிருக்க, விஎம்மின் செட்டிங்ஸில் நெட்வொர்க் அடாப்டருக்கு "இணைப்பு இல்லை" என்று வைத்துவிட்டு விண்டோஸ் போடுங்கள். ஊர், விசைப்பலகை எல்லாம் கேட்கும் முதல் திரையிலேயே கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் யூசர் எதுவும் உருவாக்காமல் ஆடிட் மோடுக்குள் (இமேஜுக்கு முன் மென்பொருள் ஏற்றுவதற்கான நிலை) போய்விடலாம். மென்பொருள்களை ஒரு ஐஎஸ்ஓவாக (டிஸ்க்கின் உள்ளடக்கம் முழுவதும் அடங்கிய ஒற்றை ஃபைல்) கட்டி டிவிடி டிரைவில் மாட்டி ஏற்றுங்கள். தமிழ் வேண்டுமென்றால் ஸ்டோர் வழியாகப் போகாமல், உங்கள் விண்டோஸ் பதிப்புக்கே உரிய மொழி ஐஎஸ்ஓவில் இருக்கும் ஆப்எக்ஸ் ஃபைலையும் லைசென்ஸ் ஃபைலையும் எடுத்து எல்லா யூசருக்கும் பொதுவாகச் சேர்த்துவிடுங்கள். அப்புறம் சிஸ்பிரெப்பைத் தொடுவதற்கு முன்னால் கட்டாயம் ஒரு செக்பாயின்ட், அதாவது தவறினால் திரும்பி வர விஎம்மின் அப்போதைய நிலையைச் சேமித்துவைப்பது.

சிஸ்பிரெப் முடிந்து விஎம் அணைந்ததும் அதைத் திரும்ப பூட் செய்யாமல் வின்பிஇ-யில் (பென்டிரைவிலிருந்தும் பூட் ஆகும் சிறிய விண்டோஸ்) ஏறி டிஸ்ம் என்ற கட்டளைக் கருவி வைத்து இமேஜ் எடுப்பீர்கள் இல்லையா, அங்கேயும் ஒரு பதிப்புச் சிக்கல் உண்டு. டிஸ்ம் ஓட்டியதும் முதல் வேலையாகத் தன் பதிப்பு எண்ணைக் காட்டும். அது உங்கள் விண்டோஸின் பதிப்புக்குச் சமமாகவோ மேலாகவோ இருக்கட்டும். விண்டோஸ் 10-இல் 2004 முதல் 22எச்2 வரை எல்லாவற்றுக்கும் 19041 தான் அடிப்படை, ஆகவே அந்த எண் போதும். மேசை இழுப்பறையில் கிடக்கும் விண்டோஸ் 7 காலத்துப் பென்டிரைவை எடுக்காதீர்கள். அந்தக் காலத்து டிஸ்முக்கு இமேஜ் எடுக்கும் கட்டளையே கிடையாது, அப்போது இமேஜ்எக்ஸ் என்ற தனிக் கருவிதான் அதைச் செய்தது, விண்டோஸ் 10 சுருக்கி வைக்கும் சிஸ்டம் ஃபைல்களை அந்தப் பழைய வின்பிஇ-யால் படிக்கவும் முடியாது.