பிரவுசிங் சென்டர் இல்ல, பிரவுசர்! வாசகர் கேள்விகளும் குமரிக்காரன் பதில்களும்

போன இதழ்ல வீட்ல இருந்து வேலை பாக்கறத பத்தி எழுதும்போது, நான் ஒரு வெப் பிரவுசர் கம்பெனியில இருக்கேன்னு போற போக்குல ஒரு வரி சொல்லிட்டேன். அதுக்கு வந்த கேள்விகள ஆசிரியர் ஒரு கட்டா அனுப்பி "நீரே பதில் எழுதும் ஓய்"ன்னுட்டார். கம்பெனி பேரு மட்டும் கேக்காதீங்க, சொல்லப்படாது. வேலை பாக்கது தக்கலை பக்கம் எங்க வீட்டு மாடி ரூம்ல.

மார்த்தாண்டம் வாசகி: தம்பி, பிரவுசர் கம்பெனின்னா பிரவுசிங் சென்டரா? எங்க பஸ் ஸ்டாண்ட் பக்கம் ரெண்டு இருக்கு, அதுல எது உங்களுது?

அக்கா, எட்டு வருஷமா இதே கேள்விதான். பொண்ணு பாக்கப் போன வீட்ல அந்த பொண்ணோட அப்பா ரொம்ப மரியாதையா "ஜெராக்ஸும் உண்டோ?"ன்னு கேட்டார், எங்க அம்மை உடனே "எல்லாம் உண்டு"ன்னு சொல்லிட்டா. அந்த சம்பந்தம் அமையல, ஆனா காரணம் ஜெராக்ஸ் இல்ல.

போன்ல நெட் பாக்கும்போது மேல அட்ரஸ் அடிக்க ஒரு பெட்டி இருக்குல்லா, அந்த ஆப் தான் பிரவுசர். குரோம், பயர்பாக்ஸ், சஃபாரி, எட்ஜ், 2023ல ஸோஹோ விட்ட உலா, இதெல்லாம் அதுதான். முதல் பிரவுசர 1990ல டிம் பெர்னர்ஸ் லீ செர்ன் ஆராய்ச்சிக் கூடத்துல எழுதினார், அதுல பக்கத்த படிக்கவும் செய்யலாம் அதுலயே எழுதவும் செய்யலாம், பொறவு வந்த பிரவுசருங்க எழுதுற பாதிய கழட்டி விட்டுட்டு படிக்கிற பாதிய மட்டும் வச்சுக்கிட்டாங்க. எனக்கு அதுல இன்னைக்கும் ஒரு வருத்தம் உண்டு.

நாகர்கோவில் வாசகர்: ஓசியில குடுக்குற சாமானுக்கு உங்களுக்கு எவன் சம்பளம் தாறான்?

நல்ல கேள்வி அண்ணாச்சி. மார்த்தாண்டம் சந்தையில வாசல் பக்கத்து முதல் கடைக்கு ஏன் வாடகை கூடுதல்? உள்ள வாறவன் எல்லாம் அந்தக் கடைய தாண்டித்தான் போகணும். பிரவுசர் பெட்டியில நீங்க "ஏத்தன்பழம் விலை"ன்னு அடிச்சா அது எந்த சர்ச் எஞ்சினுக்கு போகணுங்கிறது தான் அந்த வாசல். அந்த இடத்துக்கு கூகுள் 2021ல மட்டும் பிரவுசர் கம்பெனி, போன் கம்பெனின்னு எல்லாத்துக்கும் சேர்த்து குடுத்தது 2,630 கோடி டாலர், ரூபாய் இல்ல டாலர், இது அமெரிக்க கோர்ட் கேஸ்ல வெளிய வந்த கணக்கு. பயர்பாக்ஸ நடத்துற மொசில்லாவுக்கும் வருமானத்துல பெரும்பங்கு இப்படித்தான் வருது. 2024 ஆகஸ்ட்ல அந்த கோர்ட் கூகுள் சட்டவிரோதமா ஏகபோகம் பண்ணுதுன்னு சொல்லிச்சு, 2025 செப்டம்பர்ல தீர்வு சொல்லும்போது கூகுள் சர்ச் மட்டும்தான் வைக்கணும்னு ஒப்பந்தம் போடக்கூடாது, ஆனா காசு குடுக்கறத அடியோட நிறுத்த வேண்டாம்னு விட்டாங்க. அன்னைக்கு எங்க ஆபீஸ் சேட்ல ஒருத்தரும் வேலை பாக்கல, எல்லாரும் தீர்ப்ப தான் படிச்சிட்டு இருந்தாங்க. போட்டிக் கம்பெனி குடுக்குற காசுல சம்பளம் வாங்குற தொழில் இதாக்கும், யோசிச்சா ஒரு மாதிரி இருக்கும், அதனால ரொம்ப யோசிக்கறது இல்ல.

குலசேகரம் வாசகர்: ஒரு நாள் வேலை எப்படி போகும்?

சாயங்காலம் மூணு மணிக்கு உக்காருவேன், என் டீம்ல பாதி ஐரோப்பா பாதி அமெரிக்கா, அதனால அவங்க காலை தான் எனக்கு காலை. முதல்ல ராத்திரி வந்த பக், அதாவது கோளாறு புகார் எல்லாம் பாக்கணும். "உங்க பிரவுசர்ல என் பேஜ் உடையுது, பழைய வெர்ஷன்ல நல்லா இருந்துச்சு"ன்னு ஒருத்தன் எழுதியிருப்பான், அவன் பேஜ்ல நாலாயிரம் வரி இருக்கும், அத வெட்டி வெட்டி, இந்த வரிய எடுத்தாலும் உடையுதா, இதையும் எடுத்தாலும் உடையுதான்னு பாத்து கடைசியில பத்து வரிக்கு கொண்டு வரணும். அம்மை சாளை மீன உரசி தலைய கிள்ளி சட்டியில போடுறது மாதிரி தான், கழிவு தான் கூடுதல். பொறவு எந்த மாற்றத்துல இது உடைஞ்சதுன்னு கண்டுபிடிக்கணும். நல்லா ஓடின வெர்ஷனுக்கும் உடைஞ்சதுக்கும் நடுவுல ஆயிரம் மாற்றம் இருந்தா நடுவுல உள்ளத எடுத்து ஓட்டிப் பாப்போம், அங்க நல்லா இருந்தா பிந்தின பாதி, இல்லன்னா முந்தின பாதி, இப்படி பாதி பாதியா போனா பத்து தடவையில ஆள் மாட்டிடும். சில நாள் மாட்டுன ஆளு நானாவே இருப்பேன்.

நாலு வாரத்துக்கு ஒருக்க எங்களுக்கு புது வெர்ஷன். அந்த கடைசி வாரம் வீட்ல யாரும் எங்கூட பேச மாட்டாங்க. நம்ம மாவட்டத்துக்கு ரெண்டு பருவமழையும் உண்டு, கரண்ட் ரெண்டு பருவத்துலயும் போகும், முழு பில்ட், அதாவது எழுதின கோட மொத்தமா ஓடுற ஆப்பா மாத்துற வேலை, ஓடிட்டு இருக்கும்போது, மூணு மணி நேரம் ஆன பொறவு, போச்சுன்னா வாற எரிச்சல இங்க எழுத முடியாது. இப்பம் இன்வெர்ட்டர் இருக்கு.

ரிலீஸ் ராத்திரி நான் லேப்டாப்ப மூடுற நேரத்துல எதிர் தோட்டத்துல நெத்தியில லைட்ட கட்டிட்டு ஒரு மாமா ரப்பர் பால் வெட்ட போவார். "இப்பந்தான் படுக்கியா மக்கா"ன்னு கேப்பார். என்ன வேலைன்னு அவர் இதுவரை கேட்டதில்ல, அதுக்காகவே அவர எனக்கு ரொம்ப பிடிக்கும்.

இரணியல் வாசகர் (பேர் போட வேண்டாம்னு எழுதியிருக்கார்): இன்காக்னிட்டோல போனா யாருக்கும் தெரியாதுல்லா?

உங்க வீட்டுக்காரிக்கு தெரியாது அண்ணே. நெட் குடுக்குற கம்பெனிக்கும் நீங்க போன சைட்டுக்கும் தெரியும். அது செய்யற வேலை, போன தடத்த உங்க போன்ல எழுதி வைக்காம விடுறது, அவ்வளவுதான்.

திருவட்டாறு வாசகர்: ஓய்வு பெற்ற ஆசிரியர் நான். கோயில் நோட்டீஸ் எல்லாம் ஒரே பக்கத்தில் சேர்த்து வைத்திருக்கிறோம். "பௌர்ணமி" என்று தேடினால் பாதிதான் கிடைக்கிறது, கண்ணால் பார்த்தால் எல்லாம் ஒன்றுதான். உங்கள் பிரவுசர் கோளாறா?

வாத்தியாரய்யா, இது எங்க கோளாறு இல்ல, ஆனா எனக்கு வலிக்கிற இடத்துல கேட்டுட்டீங்க. நோட்டீஸ் அடிச்சவங்கள்ல ஒருத்தர் ஔகாரக் குறிய போட்டு "பௌ" அடிச்சிருப்பார், இன்னொருத்தர் "பெ" அடிச்சு பக்கத்துல "ள" போட்டிருப்பார். நம்ம கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணு, கம்ப்யூட்டருக்கு கண்ணு கிடையாது, நம்பர் மட்டுந்தான். எழுத்துக்கெல்லாம் நம்பர் குடுக்குற பட்டியலான யூனிகோட்ல அது வேற நம்பர் இது வேற நம்பர், அதனால தேடும்போது சந்திக்கவே சந்திக்காது. "ஸ்ரீ"யும் இப்படித்தான், 2005ல ஶ-ன்னு ஒரு எழுத்த தமிழ்ல சேர்த்த பொறவு ஸ வச்சும் ஸ்ரீ வரும் ஶ வச்சும் ஸ்ரீ வரும், பாத்தா ஒரே உருவம்.

இத பிரவுசரே ஒண்ணா நினைச்சு தேடட்டுமேன்னு நான் ஒரு பக் போட்டேன். மூணு நாள்ல ஒருத்தர் வந்து அமைதியா ஒரே ஒரு வார்த்தை கேட்டார்: "வெள்ளம்?" அங்க வெ, ள் ரெண்டும் உண்மையான எழுத்துல்லா, நான் சொன்ன மாதிரி கண்ண மூடிட்டு சேர்த்தா "வௌ"ன்னு தேடுறவனுக்கு வெள்ளம், வெள்ளி, வெள்ளாடு எல்லாம் வந்து விழும். "சரிசெய்ய மாட்டோம்"னு முத்திரை குத்தி மூடிட்டாங்க. கேட்டவர் தமிழர் இல்ல, செக் நாட்டுக்காரர், நம்ம எழுத்த பட்டியல் போட்டு பாத்திருக்கார். அவர் சொன்னதுதான் சரி, ஆனா அந்த ராத்திரி எனக்கு சோறு இறங்கல. இப்போதைக்கு வழி, நோட்டீஸ் அடிக்கிற பிள்ளைங்ககிட்ட ஔகாரத்த ஒரே கீ வச்சு அடிக்கச் சொல்றதுதான்.

குளச்சல் வாசகர்: இதெல்லாம் சரி, உங்க வேலையால நம்ம கடற்கரைக்கு ஒரு பிரயோசனம் உண்டா?

இதுக்கு கொஞ்சம் நீளமா சொல்லணும். என்கூட பிளஸ் டூ படிச்சவன் உங்க ஊர் பக்கந்தான், விசைப்படகுல போறவன். 2017 நவம்பர்ல ஓகி புயல் வந்தப்போ சேதி போய்ச் சேருறதுக்கு முன்ன எத்தனை பேர் ஆழ்கடல்ல கிடந்தாங்கன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. அதுக்குப் பொறவு அவன் தினமும் போன்ல வானிலை பாத்துட்டு தான் எதையும் செய்வான். ஒரு நாள் ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். வானிலை சொல்ற ஏதோ ஒரு சைட்டு, சிவப்பு பெட்டி, அதுக்குள்ள ஒரு வரி:

"மீனவர்கள் நாளை வரை கடலுக்குச் செல்ல…"

அவ்வளவுதான். மூணு புள்ளி. கீழ இவன் எழுதியிருந்தான், "மக்கா, போகலாமா போகப்படாதா?"

அவன் தமாசுக்கு தான் கேட்டான், கோயில் மைக்ல ஏற்கனவே சொல்லியாச்சு, வள்ளமெல்லாம் கரையில தான் கிடக்கு. எனக்கு தான் சிரிப்பு வரல. அவங்க அப்பாவுக்கு கண்ணு மங்கல்னு போன்ல எழுத்த பெருசாக்கி வச்சிருக்கான், சைட்டு செஞ்சவன் அந்த வரிய ஒரே வரியாத்தான் நிக்கணும், பெட்டிக்கு மிஞ்சினத வெட்டி புள்ளி வைன்னு சிஎஸ்எஸ்ல, அதாவது பக்கம் எப்படி தெரியணும்னு சொல்ற கோட்ல, எழுதி வச்சிருக்கான், எங்க பிரவுசர் சொன்ன பேச்ச கேட்டு கடைசி வார்த்தைய வெட்டிடுச்சு. கடைசி வார்த்தை "வேண்டாம்."

அதே எச்சரிக்கை இங்கிலீஷ்ல இருந்தா "டு நாட்"ன்னு முதல்லயே வந்துடும், வாலை வெட்டினா கடலுங்கிற வார்த்தை போகும், ஆபத்து போகாது. நமக்கு வேண்டாம், இல்லை, கூடாது, முடியாது எல்லாம் வால்ல தான் உக்காந்திருக்கு. இத பத்து வரி டெஸ்ட் பேஜா ஆக்கி டீம் மீட்டிங்ல காட்டினேன். "டிசைன் தப்பு, நமக்கு சம்பந்தம் இல்ல"ன்னாங்க, நியாயம்தான், பிரவுசர் சொன்னத செய்யாம தன் இஷ்டத்துக்கு ஆடினா அத விட ஆபத்து. ஆனா ஒரு ஜப்பான்காரர் மட்டும் மைக்க ஆன் பண்ணி "எங்க மொழியிலயும் இல்லைங்கிறது கடைசியில தான்"னார். அதுக்கப்புறம் தான் மத்தவங்க அந்த பேஜ இன்னொரு தடவ திறந்து பாத்தாங்க.

அந்த சைட்டுக்காரங்களுக்கு மெயில் போட்டேன், எந்த வரிய எடுக்கணும்னு கூட எழுதினேன். பதில் இல்ல. ஒரு மாசம் கழிச்சு பாத்தா வரி மடங்கி ரெண்டு வரியா வருது, நான் சொல்லித்தானா தானாவே மாத்தினாங்களான்னு தெரியாது, சவம் எப்படியோ மாறிச்சு. நம்ம கடற்கரைக்கு என்னால ஆன பிரயோசனம் இதுவரை இவ்வளவுதான் அண்ணாச்சி, இதுலயும் பாதி சந்தேகம்.

நாகர்கோவில் எஞ்சினியரிங் மாணவி: அண்ணா, இந்த வேலைக்கு பெங்களூர் போய்த்தான் ஆகணுமா? என்ன படிக்கணும்?

போகணும்னு இல்லம்மா. தினமும் நம்ம ஊர்ல இருந்து திருவனந்தபுரம் டெக்னோபார்க்குக்கு டிரெயின்ல தொங்கிட்டு போறவங்க எத்தனை பேர், அதையே நான் மூணு வருஷம் செஞ்சேன். இங்க விஷயம் என்னன்னா குரோமுக்கு அடியில உள்ள குரோமியமும் பயர்பாக்ஸும் திறந்த மூலம், கோட் முழுசும் வெளிய கிடக்கு, யார் வேணும்னாலும் பேட்ச், அதாவது கோட்ல செஞ்ச திருத்தம், அனுப்பலாம். பக்கத்த வரைஞ்சு காட்டுற உள் பாகத்துக்கு பேரு எஞ்சின், உலகத்துல பெரும்பாலான பிரவுசர் ஓடுறது மூணே எஞ்சின்ல, பிளிங்க், வெப்கிட், கெக்கோ. ஒண்ண பிடி. சி பிளஸ் பிளஸ் படி, ரஸ்ட்டும் படி, அது மொசில்லாவுல வளர்ந்த மொழிதான். குரோமியத்துல வாற பெரிய பாதுகாப்பு ஓட்டைகள்ல சுமார் 70 சதவீதம் மெமரிய தப்பா கையாண்டதுல வந்ததுன்னு அவங்களே எழுதியிருக்காங்க, அத அடைக்கத்தான் ரஸ்ட்.

என் முதல் பேட்ச் ரெண்டு வரி, சேர்க்கறதுக்கு முன்ன மத்தவங்க சரிபாக்குற ரிவ்யூல பதினோரு தடவ திருப்பி அனுப்பினாங்க. அழாத, எல்லாருக்கும் அப்படித்தான். இங்கிலீஷ் பேச பயமா இருக்குன்னு கடைசியில எழுதியிருந்த, பேச்சு குறைவுதாம்மா, எழுத்து தான் கூடுதல், எழுதி எழுதி வந்துடும்.

தோவாளை வாசகி: ஏஐ வந்து உங்க வேலைய எடுத்துடாதா?

பக் போடுறதுக்கே இப்பம் ஏஐ வந்துடுச்சு அக்கா, இல்லாத ஓட்டைய இருக்குன்னு பக்கம் பக்கமா எழுதி அனுப்புறாங்க, அத படிச்சு பொய்னு சொல்ல ஒரு ஆள் வேணும். அந்த ஆள் நான்.

தக்கலை வாசகர்: கடைசியா, உங்க ஆசை என்ன?

பெருசா ஒண்ணும் இல்ல. சைட்டு செய்யறவங்க சோதிச்சுப் பாக்குற டூல்ல, தமிழ் வரியோட வால் வெட்டுப்பட்டா ஒரு மஞ்சள் எச்சரிக்கை காட்டணும், அதுக்கு நான் எழுதின பேட்ச் ஏழு மாசமா ரிவ்யூல தூங்குது. வெப்புக்கு விதி வகுக்குற அமைப்பான டபிள்யூ3சியில தமிழுக்கு வெப்ல என்னென்ன குறைன்னு ஒரு ஆவணம் வச்சிருக்காங்க, அத பேசுற கூட்டத்துல நம்ம பக்கத்து ஆளுங்க நாலு பேர் கூடுதலா இருக்கணும், அந்த நாகர்கோவில் பிள்ளை வந்தா நல்லது. ஒரு மழைக்காலமாவது ராத்திரி பத்து மணிக்கு தூங்கணும். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் சூடா இருக்கும்போதே சாப்பிடணும், மீட்டிங் முடிஞ்சு வரும்போது கறியில ஆடை கட்டியிருக்கும்.

இன்னொண்ணு எங்க அப்பா சம்பந்தப்பட்டது. அவர் போன்ல நாங்க செஞ்ச பிரவுசர் தான் இருக்கு. போன வாரம் எடுத்துப் பாத்தேன், நாலு வெர்ஷன் பழசு. அப்டேட் கேட்டு வரும்போதெல்லாம் "பிறகு"ன்னு அமுக்கியிருக்கார். ஏம்ப்பான்னு கேட்டா, "நீ ராத்திரி முழுக்க அதத்தான சரி பண்ணிட்டே இருக்க, முழுசா சரியாகட்டும், பொறவு போட்டுக்கலாம்"ங்கார்.