‘திறன்’ எத்தனை வகை? பொறியியல் சொற்களை அலகோடு சேர்த்துப் படிப்பது

கேள்வி: பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்துவிட்டு, இப்போது பாலிடெக்னிக்கில் முதலாண்டு படிக்கிறேன். பாடநூல் ஆங்கிலத்தில் இருக்கிறது. பள்ளியில் படித்த தமிழ்ச் சொற்களும் நினைவில் இருக்கின்றன. பட்டறையிலும் என் தந்தை வேலை செய்யும் கட்டட இடங்களிலும் வேறு சொற்கள் புழங்குகின்றன. ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே தமிழ்ச் சொல்லை எழுதிவைத்து ஏறத்தாழ 300 சொற்களை மனப்பாடம் செய்தேன். ஆனாலும் கணக்கு என்று வந்தால் எந்தச் சொல் எதைக் குறிக்கிறது என்று தடுமாறுகிறேன். மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், சிவில் ஆகிய மூன்றுக்கும் அடிப்படையான சொற்களை எப்படிக் கற்பது?

பதில்: உங்கள் நினைவாற்றலில் குறை இல்லை, பட்டியலை அமைத்த விதத்தில்தான் குறை இருக்கிறது. ஒரு சொல்லுக்கு எதிரே இன்னொரு சொல்லை எழுதினால், தெரியாத ஒன்றை அரைகுறையாகத் தெரிந்த இன்னொன்றால் விளக்கியதாகவே ஆகும். பொறியியலில் ஒரு சொல்லின் பொருள், அது குறிக்கும் அளவில்தான் இருக்கிறது. ஆகவே உங்கள் குறிப்பேட்டில் இரண்டு பத்திகளுக்குப் பதிலாக நான்கு பத்திகள் போடுங்கள். சொல்லுக்கு அடுத்து அதன் அலகையும், அதை அளக்கும் கருவியையும், பட்டறையிலோ கட்டட இடத்திலோ அதற்கு வழங்கும் பெயரையும் எழுதுங்கள். ஆங்கிலச் சொல்லையும் தமிழ்ச் சொல்லையும் முதல் பத்தியிலேயே ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக்கொள்ளலாம்.

இதனால் என்ன பயன் என்பதைத் ‘திறன்’ என்ற ஒரே சொல்லை வைத்துக் காட்டுகிறேன். பள்ளி இயற்பியலில் திறன் என்பது வேலை செய்யப்படும் வீதம். அதன் அலகு வாட். குதிரைத்திறன் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஒரு குதிரைத்திறன் 746 வாட் என்பதால் 5 குதிரைத்திறன் மோட்டார் சுமார் 3.7 கிலோவாட் ஆகிறது. ஆனால் அதே பாடநூலில் வரும் ‘திருப்புத்திறன்’ வாட்டில் அளக்கப்படுவதில்லை. அது விசையையும் செங்குத்துத் தொலைவையும் பெருக்கி வருவது, அதன் அலகு நியூட்டன் மீட்டர். மின்னூட்டத்தைச் சேமித்து வைக்கும் தன்மையான ‘மின்தேக்குத்திறன்’ ஃபாரடில் அளக்கப்படுகிறது. கொடுத்ததில் எவ்வளவு பயனாகக் கிடைத்தது என்று சொல்லும் ‘பயனுறு திறன்’ வெறும் விகிதம், அதற்கு அலகே கிடையாது. நான்கிலும் ‘திறன்’ இருக்கிறது, நான்கும் நான்கு வெவ்வேறு பொருள்கள். அலகை எழுதிவைத்த மாணவர் இங்கே வழுக்கி விழமாட்டார். இதே வகையில் ‘மின்னியக்கு விசை’ என்ற பெயரில் விசை இருந்தாலும் அதன் அலகு வோல்ட். எனவே அது விசையே அல்ல. பெயர் வைத்தவர்களைத் தமிழில் குறை சொல்லிப் பயனில்லை, ஆங்கிலத்திலும் அந்தப் பெயரில் (எலக்ட்ரோமோட்டிவ் ஃபோர்ஸ்) இதே பிழை இருக்கிறது.

மின்சாரத்தில் நம்மைத் தடுமாற வைப்பது வீட்டுப் பேச்சு. ‘கரண்ட் போய்விட்டது’, ‘கரண்ட் வந்துவிட்டது’ என்று நாம் சொல்லும் கரண்ட் பொதுவாக மின்சாரத்தைக் குறிக்கிறது. பாடநூலின் கரண்ட் மின்னோட்டத்தை மட்டுமே குறிக்கிறது. சுவரிலுள்ள பிளக் பாயின்ட்டில் எதுவும் செருகாதபோது அங்கே 230 வோல்ட் மின்னழுத்தம் இருக்கிறது, ஆனால் மின்னோட்டம் சுழியம். அதில் 1000 வாட் இஸ்திரிப் பெட்டியைச் செருகி இயக்கினால்தான் சுமார் 4.3 ஆம்பியர் ஓடுகிறது. கருவிப் பத்தி இங்கேதான் கைகொடுக்கும். வோல்ட் மீட்டரை இரண்டு முனைகளுக்கு இடையே பக்க இணைப்பில் வைக்கிறோம், ஏனெனில் மின்னழுத்த வேறுபாடு இரு புள்ளிகளுக்கு இடைப்பட்டது. அம்மீட்டரைத் தொடரிணைப்பில் வைக்கிறோம், ஏனெனில் மின்னோட்டம் அதன் வழியாகவே ஓடியாக வேண்டும். இந்த ஒரு வேறுபாடு மனத்தில் பதிந்துவிட்டால் இரண்டு சொற்களும் இனி ஒன்றோடொன்று கலக்கமாட்டா. பயிற்சிக் கூடத்தில் அம்மீட்டரைப் பக்க இணைப்பில் வைத்து ஃப்யூஸைப் போக்கும் மாணவர்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்திருக்கிறேன். அவர்கள் எல்லோருக்கும் இரண்டு சொற்களின் விளக்கமும் மனப்பாடமாகவே தெரிந்திருந்தது.

‘யூனிட்’, ‘லோடு’ என்ற இரண்டு சொற்களையும் நான்காவது பத்தியில் கவனமாக எழுதுங்கள். மின்கட்டணத்தில் ஒரு யூனிட் என்றால் ஒரு கிலோவாட் மணி, அதாவது 36 லட்சம் ஜூல் ஆற்றல். 2000 வாட் வெந்நீர் ஹீட்டரை அரைமணி நேரம் ஓட்டினால் அவ்வளவு செலவாகும். இங்கே கிலோவாட் என்பது திறன், கிலோவாட் மணி என்பது ஆற்றல். உங்கள் தந்தையார் சொல்லும் யூனிட் இதுவன்று. மணலுக்கும் ஜல்லிக்கும் ஒரு யூனிட் என்றால் 100 கன அடி, ஏறத்தாழ 2.83 கன மீட்டர். அவ்வாறே ‘ஒரு லோடு மணல்’ என்பதில் லோடு ஒரு வண்டி நிறைய வரும் அளவு; உத்திரத்தின் மீதுள்ள லோடு கிலோநியூட்டனில் சொல்லப்படும் சுமை; எலக்ட்ரீஷியன் கேட்கும் ‘வீட்டு லோடு’ கிலோவாட்டில் சொல்லப்படும் மின்தேவை. பேசுபவர் யார் என்று பார்த்து அலகை ஊகிக்கும் பழக்கம் வந்துவிட்டால் இவற்றில் குழப்பம் இராது.

இனி, முதலாண்டில் எல்லோரையும் தடுக்கி விழச் செய்யும் இரட்டையருக்கு வருவோம். ஆங்கிலப் பாடநூலில் ஸ்ட்ரெஸ், ஸ்ட்ரெயின் என்று வருபவை தமிழ்நாட்டுப் பள்ளி நூல்களில் தகைவு, திரிபு எனப்படுகின்றன. சொற்களை விட்டுவிட்டு ஒரு கம்பியை எடுத்துக்கொள்வோம். 10 மில்லிமீட்டர் விட்டமும் 1 மீட்டர் நீளமும் உள்ள எஃகுக் கம்பியில் 500 கிலோகிராம் நிறையைத் தொங்கவிட்டால் கம்பியை இழுக்கும் விசை சுமார் 4905 நியூட்டன். கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு 78.5 சதுர மில்லிமீட்டர். விசையைப் பரப்பால் வகுத்தால் சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 62.5 நியூட்டன் கிடைக்கிறது, இது தகைவு. அந்தச் சுமையால் கம்பி சுமார் 0.31 மில்லிமீட்டர் நீள்கிறது. அந்த நீட்சியை முதலில் இருந்த 1000 மில்லிமீட்டரால் வகுத்தால் 0.00031, இது திரிபு. நீளத்தை நீளத்தால் வகுத்ததால் திரிபுக்கு அலகில்லை. தகைவைத் திரிபால் வகுத்தால் யங் குணகம் கிடைக்கும். எஃகுக்கு அது சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 2 லட்சம் நியூட்டன். நான் மேலே நீட்சியைக் கணக்கிட்டதும் இந்த எண்ணைக் கொண்டுதான்.

இந்த இடத்தில் என் முறையின் குறையையும் சொல்லிவிட வேண்டும். தகைவு, அழுத்தம், யங் குணகம் மூன்றும் ஒரே அலகான பாஸ்கலில்தான் (சதுர மீட்டருக்கு ஒரு நியூட்டன்) அளக்கப்படுகின்றன. திருப்புத்திறனும் வேலையும் நியூட்டன் மீட்டர் என்ற ஒரே பெருக்கலில்தான் வருகின்றன. அலகு ஒன்றாக இருக்கும் இடத்தில், எதை எதனால் பெருக்கினோம் அல்லது வகுத்தோம் என்று கேட்டாக வேண்டும். 250 மில்லிமீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் முனையில் 200 நியூட்டன் விசையைச் செங்குத்தாகக் கொடுத்தால் நட்டின் மீது 50 நியூட்டன் மீட்டர் திருப்புத்திறன் செயல்படுகிறது. நட்டு துருப்பிடித்து அசையாமலே இருந்தாலும் அந்த 50 அங்கே இருக்கும். வேலை அப்படியல்ல, விசையின் திசையில் நகர்வு இருந்தால்தான் வேலை. அதனால்தான் வேலைக்கு ஜூல் என்ற தனிப்பெயரை வழங்கிவிட்டு, திருப்புத்திறனுக்கு ஜூல் என்று எழுதுவதைத் தவிர்க்கிறார்கள்.

அலகும் வகுத்தலும் மட்டும் போதாத இடம் பொருள்களின் பண்புகள். நாம் ‘கெட்டி’ என்ற ஒரே சொல்லால் சொல்லிவிடுவதைப் பொறியியல் குறைந்தது நான்காகப் பிரிக்கிறது. எவ்வளவு தகைவைத் தாங்கும் என்பது வலிமை. எவ்வளவு குறைவாக வளையும் என்பது விறைப்பு. மேற்பரப்பு கீறலையும் பள்ளம் விழுவதையும் எவ்வளவு எதிர்க்கும் என்பது கடினத்தன்மை. அடி விழுந்தால் உடையாமல் எவ்வளவு ஆற்றலை உள்வாங்கும் என்பது ஆங்கிலத்தில் டஃப்னஸ். அதற்கு ஒரே சொல்லைத் தேடி அலைவதைவிட ‘உடையாமல் அடி தாங்கும் தன்மை’ என்று எழுதிக்கொள்வதே மேல் என்பது என் கருத்து. கண்ணாடி கடினமானது, ஆனால் அடி தாங்காது. எஃப்இ 415, எஃப்இ 500 என்று டிஎம்டி கம்பிகளில் வரும் எண், நிரந்தரமாக நீளத் தொடங்கும் நிலையில் சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை நியூட்டன் என்பதைச் சொல்லும் வலிமை எண். 500 கம்பி 415 கம்பியைவிட வலியது. ஆனால் இரண்டின் யங் குணகமும் ஏறத்தாழ ஒன்றே என்பதால், ஒரே விட்டத்தில் ஒரே சுமைக்கு, இரண்டும் மீட்சி எல்லைக்குள் (சுமையை எடுத்தால் பழைய நீளத்துக்குத் திரும்பும் நிலையில்) இருக்கும்வரை, ஒரே அளவுதான் நீளும். வலிமையையும் விறைப்பையும் ஒன்றென்று நினைப்பவர்கள் இதை நம்ப மறுப்பார்கள்.

நம் ஊர்க் கொல்லர்கள் இந்த வேறுபாட்டைக் கைப்பழக்கத்தில் அறிந்தவர்கள். அரிவாளைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் அமிழ்த்தும் தோய்ச்சலால் எஃகு கடினமாகிறது, கூடவே நொறுங்கும் தன்மையும் வந்துவிடுகிறது. அதனால் மறுபடியும் குறைந்த சூட்டில் காட்டிக் கடினத்தைச் சற்றே இறக்கி, அடி தாங்கும் தன்மையை ஏற்றுகிறார்கள். பாடநூலில் டெம்பரிங் என்பது இந்த இரண்டாவது செயல்தான். பேச்சு வழக்கில் ‘டெம்பர் ஏற்றியது’ என்றால் கடினமாக்கியது என்றே பலரும் பொருள்கொள்கிறார்கள். விடைத்தாளில் அப்படி எழுதினால் மதிப்பெண் போய்விடும்.

கட்டடத் துறையில் பேச்சுச் சொல் செய்யும் சேதம் இன்னும் பெரியது. சிமென்ட் சாலை, சிமென்ட் தளம் என்றெல்லாம் சொல்கிறோமே தவிர, அவை சிமென்டால் மட்டும் ஆனவை அல்ல. சிமென்டும் மணலும் நீரும் சேர்ந்தால் சாந்து, கொத்தனார் மொழியில் கலவை. அதில் ஜல்லியும் சேர்ந்தால்தான் காங்கிரீட். அடுத்து, காங்கிரீட் ‘காய்கிறது’ என்ற பேச்சு. சேலை காய்வதுபோல நீர் வெளியேறி அது இறுகுவதில்லை. சிமென்ட் நீரோடு வேதிவினை புரிந்தே இறுகுகிறது. ஆகவே அதைக் காயவிட்டால் வினை பாதியிலேயே நின்று வலிமை குறைந்துபோகும். கியூரிங் என்று பாடநூல் சொல்வது, மேற்பரப்பை ஈரம் போகாமல் காத்து அந்த வினை நடக்க இடம்கொடுப்பதைத்தான். சாதாரண போர்ட்லாண்ட் சிமென்ட்டுக்குக் குறைந்தது 7 நாள்களும், கலப்புச் சிமென்ட்டுக்கும் வெப்பமான வறண்ட வானிலைக்கும் குறைந்தது 10 நாள்களும் வேண்டும் என்று காங்கிரீட்டுக்கான இந்தியத் தர விதிநூலான ஐஎஸ் 456 கூறுகிறது. எம்20 என்ற காங்கிரீட் தரத்தின் பெயரும் வெறும் குறியீடு அன்று. 150 மில்லிமீட்டர் கனசதுரம் வார்த்து 28ஆம் நாளில் அழுத்திப் பார்த்தால் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் தாங்க வேண்டும் என்பது அதன் பொருள். அந்த முகத்தின் பரப்பு 22,500 சதுர மில்லிமீட்டர். எனவே அழுத்தும் இயந்திரத்தின் முள் 450 கிலோநியூட்டனைத் தொட வேண்டும். பெயரிலேயே அலகும் கருவியும் அடங்கியிருக்கும் இத்தகைய சொற்களை முதலில் படியுங்கள்.

வரைபடச் சொற்களில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். வீட்டின் முகப்பு அலங்காரத்தையே ‘எலிவேஷன்’ என்கிறார்கள். வரைபடத்தில் அது பக்கவாட்டிலிருந்து நேராகப் பார்த்தால் தெரியும் தோற்றம் எதற்கும் பொதுவான பெயர். நில அளவையில் அதே சொல் ஒரு தள மட்டத்திலிருந்து அளந்த உயரம். ரயில் நிலையங்களின் மஞ்சள் பலகையில் கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று எழுதியிருப்பது இந்த மூன்றாவது பொருளில்தான்.

உங்கள் தந்தையாரிடமிருந்து நான்காவது பத்திக்கு நிறையச் சொற்கள் கிடைக்கும். அவற்றை இழிவாக நினைத்து ஒதுக்க வேண்டாம். முக்கால் ஜல்லி என்பது முக்கால் அங்குலம், பாடநூலின் 20 மில்லிமீட்டர் ஜல்லி. ஒன்றரை ஜல்லி என்பது 40 மில்லிமீட்டர். ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, ஆகவே நாலு நூல் என்றால் அரை அங்குலம். தூக்குக்குண்டு செங்குத்தைக் காட்டும், ரசமட்டம் கிடைமட்டத்தைக் காட்டும், மூலைமட்டம் செங்கோணத்தைக் காட்டும். ஒவ்வொன்றையும் அதன் அளவோடு கேட்டு எழுதுங்கள்.

இணையத்தில் தமிழ்ப் பாடங்களைத் தேடும்போது ஓர் எச்சரிக்கை தேவை. இலங்கை நூல்களின் கலைச்சொற்கள் நம்முடையவற்றிலிருந்து வேறுபடும். நம் அழுத்தம் அங்கே அமுக்கம், நம் திறன் அங்கே வலு, நம் ஆற்றல் அங்கே சக்தி. இவை புதிய சொற்கள் என்பதால் உடனே தெரிந்துவிடும், ஆபத்தானது ‘நிறை’. தமிழ்நாட்டு நூல்களில் நிறை என்பது கிலோகிராமில் அளக்கப்படும் பொருளின் அளவு, எடை என்பது நியூட்டனில் அளக்கப்படும் விசை. இலங்கையில் கிலோகிராமில் வருவது திணிவு, நியூட்டனில் வரும் எடைக்கே நிறை என்று பெயர். ஒரே சொல், இரண்டு பொருள். பக்கத்தில் உள்ள அலகைப் பார்த்துத்தான் எந்த நாட்டு நூல் என்று தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும்.

300 சொற்களை மறுபடியும் தொடங்க வேண்டியதில்லை. இருக்கும் பட்டியலில் அலகு எழுத முடிந்தவற்றை முதலில் பிரித்தெடுத்து ஒரு வாரத்துக்கு அவற்றை மட்டும் நிரப்புங்கள். எந்தச் சொல்லுக்கு எதிரே அலகும் கருவியும் எழுத வராமல் பேனா நிற்கிறதோ, அந்தச் சொற்களை மறுநாள் ஆசிரியரிடம் எடுத்துச் செல்லுங்கள்.