ரோமை முற்றுகையிட்டவர் மிளகு கேட்டாரா? ஐந்தாம் நூற்றாண்டுக் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை கி.பி. 5ஆம் நூற்றாண்டைச் சுற்றியே இருந்தன. அதனால் எல்லாவற்றையும் ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

ரோமை விட்டுப் போக அலாரிக் மிளகு கேட்டார் என்கிறார்களே, நிஜமா? அது நம் பக்கத்து மிளகா?

நிஜம்தான். 408இல் விசிகோத் என்ற ஜெர்மானிய மக்களின் தலைவர் அலாரிக் ரோமைச் சுற்றி வளைத்து, டைபர் ஆற்றில் தானியப் படகுகள் வராமல் தடுத்தார். நகரத்தில் ரேஷன் பாதியானது, அப்புறம் மூன்றில் ஒரு பங்கானது. பிணங்களைப் புதைக்க வெளியே போகவும் வழியில்லை. கடைசியில் பேசி முடித்த தொகை இது: 5,000 ராத்தல் தங்கம், 30,000 ராத்தல் வெள்ளி, 4,000 பட்டு அங்கிகள், சிவப்புச் சாயமேற்றிய 3,000 தோல்கள், 3,000 ராத்தல் மிளகு. ரோமானிய ராத்தல் சுமார் 327 கிராம். அப்படியென்றால் மிளகு மட்டும் ஏறக்குறைய ஒரு டன்!

முற்றுகையில் பட்டினி கிடந்த நகரத்தால் அவ்வளவு மிளகு கொடுக்க முடிந்ததே, அதைத்தான் கவனிக்கச் சொல்வேன். மிளகுக்கென்றே தனிக் கிடங்கு கட்டி வைத்திருந்த ஊர் அது. தங்கம்தான் குறைந்தது. கோயில் சிலைகளை உருக்கினார்கள். அவற்றில் வீரத்தின் தெய்வமான விர்ட்டூஸின் சிலையும் ஒன்று.

மிளகு, மேற்குத் தொடர்ச்சி மலையின் கேரளப் பக்கத்துச் சரிவில் விளைந்தது. செங்கடல் வழியாக எகிப்து, அங்கிருந்து ரோம். இந்தப் போக்குவரத்து அப்போதும் நின்றுவிடவில்லை என்பதற்குக் கரூர் அமராவதி ஆற்று மணலில் கிடைத்த ரோமானியச் செப்புக்காசுகள் சாட்சி. 4, 5ஆம் நூற்றாண்டுக் காசுகள் அங்கே நிறைய, இலங்கையில் ஆயிரக்கணக்கில். அப்படி ஒன்றைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும், முகம் தேய்ந்து போயிருந்தது. எத்தனை கை மாறி அங்கே வந்து சேர்ந்ததோ என்று நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அலாரிக் உண்மையில் கேட்டது தன் மக்களுக்கு நிலமும் ஆண்டுதோறும் தானியமும். வட இத்தாலியின் ராவென்னாவில் பாதுகாப்பாக இருந்த மேற்கு ரோமானியப் பேரரசர் ஹொனோரியஸ் இழுத்தடித்தார். அதன் விலை, 410 ஆகஸ்டில் நடந்த மூன்று நாள் கொள்ளை.

அத்திலாவைப் போப் லியோ பேசியே திருப்பி அனுப்பினாரா?

452இல் ஹன்களின் தலைவர் அத்திலாவும் லியோவும் வட இத்தாலியில் சந்தித்தது உண்மை. லியோவோடு அரசு அதிகாரிகள் இருவரும் போனார்கள். அதே காலத்தில் எழுதியவர்களில் ஒருவர் லியோவுக்குப் பெருமை சேர்க்கிறார். ஸ்பெயினில் இருந்து எழுதிய இன்னொருவரோ பஞ்சம், கொள்ளைநோய், ரோமானியப் பேரரசின் கிழக்குப் பாதியை ஆண்ட பேரரசர் மார்சியன் அனுப்பிய படை என்று காரணம் சொல்கிறார். இரண்டாவதைத்தான் நான் நம்புகிறேன். சாப்பாடு இல்லாத நாட்டில் குதிரைப்படை எத்தனை நாள் நிற்கும்? அடுத்த ஆண்டே, கல்யாண இரவில் மூக்கில் ரத்தம் பெருகி அத்திலா இறந்துபோனார்.

ஸ்கந்தகுப்தர் விரட்டிய ஹூணர்களும் அத்திலாவின் ஆட்களும் ஒன்றா?

பெயர் ஒன்று, மக்கள் ஒன்றா என்பதில் வரலாற்றாளர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. இருவரையும் இணைக்கும் அரசியல் தொடர்பு எதுவும் கிடையாது. குப்தப் பேரரசர் ஸ்கந்தகுப்தரின் போரைப் பற்றிப் பிதாரித் தூண் கல்வெட்டு பேசுகிறது. பாரசீக மன்னர் பேரோஸ் 484இல் வெள்ளை ஹூணர்கள் என்றழைக்கப்பட்ட மத்திய ஆசியாவின் ஹெப்தலைட்டுகளிடம் தோற்று உயிரிழந்தார். அடி வாங்கியது ரோம் மட்டுமல்ல.

410, 455, 476... மேற்கு ரோமை உண்மையில் சாய்த்தது எந்த ஆண்டு?

ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்றால், உங்கள் பட்டியலில் இல்லாத 439ஐச் சொல்வேன்.

429இல் ஸ்பெயினிலிருந்து கடல் தாண்டி ஆப்பிரிக்கா போன வாண்டல்கள் என்ற ஜெர்மானிய மக்கள் (455இல் ரோமைக் கொள்ளையடித்ததும் இவர்களே), 439 அக்டோபரில் கார்த்தேஜைப் பிடித்தார்கள். ரோம் சாப்பிட்ட தானியம், எண்ணெய், மேற்கு அரசின் வரி வருமானத்தில் பெரும்பங்கு எல்லாம் வந்தது இன்றைய துனீசியாவை ஒட்டிய அந்த வயல்களிலிருந்துதான். அது போனதும் கஜானா காலி. ஐந்தாறு ஆண்டுகளில் பேரரசர் மூன்றாம் வாலென்டினியன் புதிதாக ஒரு விற்பனை வரி போட்டார். 24இல் ஒரு பங்கு. விற்பவர் பாதி, வாங்குபவர் பாதி. புதிதாகச் சேர்ப்பவர்கள் இருக்கட்டும், பழைய சிப்பாய்களுக்கே சோறும் துணியும் கொடுக்கப் பணம் போதவில்லை என்று அந்தச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. படிக்கும்போது மனம் கனத்துவிடும். போர்க்களக் கதைகளைவிட இதில்தான் அந்த அரசின் நிலைமை எனக்குத் தெளிவாகத் தெரிகிறது.

மீட்கவும் முயன்றார்கள். 468இல் கிழக்கும் மேற்கும் சேர்ந்து பெரிய கப்பற்படையை அனுப்பின. வாண்டல் மன்னர் கெய்செரிக் ஐந்து நாள் அவகாசம் கேட்டு வாங்கி, காற்று திரும்பியதும் தீ வைத்த கப்பல்களை அந்தக் கப்பற்படைக்குள் ஓட்டிவிட்டார். அத்தோடு ஆப்பிரிக்கா திரும்பக் கிடைக்கும் என்ற நம்பிக்கையும் போனது.

அப்படியானால் 476இல் என்னதான் நடந்தது?

இத்தாலியில் இருந்த கூலிப்படையினர் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு கேட்டார்கள். சிறுவன் ரோமுலுஸைப் பேரரசராக்கி, அவன் பெயரில் ஆண்டுகொண்டிருந்த அப்பா ஒரெஸ்டெஸ் மறுத்தார். படையினர் ஒடோவாக்கரைத் தலைவராக்கி ஒரெஸ்டெஸைக் கொன்றார்கள். பையனைக் கொல்லவில்லை, ஆண்டுக்கு 6,000 பொற்காசு உதவித்தொகையோடு தெற்கே கம்பானியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். ரோமில் செனட் வழக்கம்போல் கூடியது. கிழக்கின் தலைநகரான கான்ஸ்டான்டிநோபிளில் அரசு இன்னும் ஆயிரம் ஆண்டு நடக்கப்போகிறது.

இன்னொரு விஷயம்: அந்தப் பையனைக் கிழக்கு அங்கீகரிக்கவே இல்லை. அதன் பார்வையில் மேற்கின் முறையான பேரரசர், முந்தைய ஆண்டு துரத்தப்பட்டு, இத்தாலிக்கு எதிர்க்கரையிலுள்ள டால்மேஷியாவில் இருந்த யூலியுஸ் நெபோஸ். ஒடோவாக்கரும் அவர் பெயரில் காசு அடித்தார். நெபோஸைச் சொந்த ஆட்களே கொன்றது 480இல்.